பனியில் போட்ட ஒட்டு

ஊட்டியில் இருந்துகொண்டு பாய்மரப் படகு செய்தேன் என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் சொல்ல வந்தது படகைப் பற்றி அல்ல. அந்தப் படகில் இருந்த ஒரு ஒட்டைப் பற்றி. அதைப் போட்டது யார் என்று கேட்டபோது நான் சொன்ன பதிலைப் பற்றி.

ஊட்டியில் காந்தல் என்ற பகுதியில் எனக்கு ஃபைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, பஸ்ஸின் முன்முகப்பு, வாயைப் பிளந்து நிற்கும் பென்குயின் குப்பைத் தொட்டி, அடி உடைந்த மிதி படகு, எல்லாம் வரும். கண்ணாடி நார் மேட்டை அச்சின் மேல் விரிக்க வேண்டும். பசை மாதிரியான ரெசினில், அதை இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கலந்து அதன் மேல் தடவ வேண்டும். ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றிவிட்டு மேலே அடுத்த மேட். வேலை இவ்வளவுதான். ஆனால் ரெசின் இறுகுவதற்குச் சூடு வேண்டும், காய்ந்த காற்று வேண்டும். காந்தலில் இரண்டுக்கும் எங்கே போவது? மத்தியானமே பனி இறங்கிவிடும். ரெசின் கஞ்சி மாதிரி கிடக்கும். அதற்கு நான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். ஹார்ட்னரை மூடியால் அளப்போம். பனி நாளில் ஒரு மூடி கூடுதல். பட்டறையில் அதற்குப் பனி மூடி என்றே பெயர். சீக்கிரம் இறுகிவிடும், ஆனால் முறுக்கு மாதிரி நொறுங்குகிற பதமாகிவிடும். தொட்டிக்கு அது பரவாயில்லை. தொட்டி ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கசிந்தால் போய் ஒட்டுப் போட்டுவிட்டு வரலாம்.

என்னிடம் ஒருவர் வேலை பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அவர் மனைவியை அக்கா என்பேன், குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார். குடியிருப்பும் அதே எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில்தான். லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான். ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். அக்காவுக்கு அடுத்த வருடம் ரிட்டயர். இருபத்தைந்து வருடம் அவர்கள் குடியிருந்த வீட்டில் ஒரு செங்கல்கூட அவர்களுடையது இல்லை.

படகு கேட்டு வந்தவர் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு டீச்சர். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே ஒரு ஏரிக்கரையில் பள்ளிக்கு இடம் இருந்தது. பிள்ளைகளுக்குப் பாய்மரம் கற்றுக்கொடுக்க ஆறு படகு வேண்டும். முதலில் ஒன்று செய்யுங்கள், சரியாக வந்தால் மீதி ஐந்தும் உங்களுக்கே என்றார். பள்ளிக்கூடம் மேலே, தண்ணீர் கீழே. அதனால் படகை ட்ரெய்லரில் ஏற்றி ஜீப்பில் கட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி இறக்க வேண்டும். பதினான்கு அடிக்கு மேல் போகக் கூடாது. பாய்மரம் இரண்டு துண்டாகக் கழன்று படகுக்குள் படுக்க வேண்டும். நாலு பேர் தூக்கி வைக்கிற கனம்தான் இருக்கலாம். வரைபடத்தை விரித்து ஒவ்வொன்றாக விளக்கினார்.

எனக்கு முதல் நாளே கோபம். கனமாக இருந்தால்தான் உறுதி என்று தொட்டி செய்து பழகியவன் நான். இரண்டு மேட் கூடப் போட்டால் என்ன என்று கேட்டேன். இங்கே இரண்டு மேட் போட்டால் அங்கே காற்று தள்ளாது, ஜீப் இழுக்காது, எங்கே பலம் வேண்டுமோ அங்கே மட்டும் போடுங்கள் என்றார். ஒரு பொம்பளை வந்து என் பட்டறையில் எனக்கே பாடம் எடுக்கிறாள் என்று மனதுக்குள் திட்டினேன். அண்ணன் திட்டவில்லை. வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

அதில் முக்கியமான இடம் ஒன்று இருந்தது. காற்று பாயைத் தள்ளும்போது படகு பக்கவாட்டில் சறுக்கிப் போகாமல் இருக்க, நடுவில் ஒரு பலகை தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். ரோட்டில் போகும்போது அதை மேலே தூக்கி ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். ஆக, படகின் அடியில் ஒரு நீள வெட்டு. வெட்டின் மேல் அந்தப் பெட்டி. பெட்டியும் அடித்தளமும் சேர்கிற ஒட்டில்தான் காற்றின் பாரம் முழுக்க வந்து விழும். டீச்சர் அந்த இடத்தைச் சிவப்புப் பேனாவால் இரண்டு முறை வட்டமிட்டிருந்தார்.

காந்தல் பனியில் இந்தப் படகு ஆகாது என்று அண்ணன் சொன்னார். லயத்துக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஃபாக்டரியைக் காட்டினார். மேல் மாடியில் கொழுந்து வாட்டுகிற நீளத் தொட்டிகள் அப்படியே இருந்தன. கீழே அடுப்பில் விறகு போட்டு ஃபேனைச் சுழற்றினால் சூடான காற்று வலை வழியாக மேலே வரும். ஓடுகிற ஃபாக்டரியில் ரெசின் வாடையை விட்டால் அடித்து விரட்டுவார்கள். தேயிலை எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். மூடிய ஃபாக்டரியில் கேட்க ஆளில்லை. வாட்ச்மேன் அண்ணனுக்குத் தெரிந்தவர். அங்கேதான் படகின் உடம்பைப் போட்டோம். முன்னும் பின்னும் காற்றை அடைத்து மூடுகிற இரண்டு பெட்டிகளை அண்ணன் தனியாகப் போட்டார். படகில் தண்ணீர் புகுந்தாலும் முழுகாமல் வைத்திருப்பவை அவைதான். உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு யாரும் வரக் கூடாது என்றார் அண்ணன். கம்பளி நூல் ரெசினில் விழுந்தால் போகவே போகாது. நான் வெளியில் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனேன்.

அச்சிலிருந்து கழற்றியபோது டீச்சர் வந்திருந்தார். வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை. என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனிடம்தான் பேசினார். ஏரிக்கரையில் படகுக் கொட்டகைக்கு ஒரு ஆள் வேண்டும், படகுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பர்மனென்ட் வேலை, கொட்டகையை ஒட்டி ஒரு வீடும் உண்டு என்றார். "இந்தப் படகு நல்லா ஓடட்டும்ணே. ஓடுச்சுன்னா அந்த ஊடு உங்களுக்குத்தான். நான் ஆபீஸ்ல பேசிட்டேன்."

அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம் தோன்றவில்லை. இவர் போனால் என் பட்டறையில் யார் மேட் விரிப்பது என்றுதான் தோன்றியது. அடுத்ததாக, பட்டறை என்னுடையது, பாராட்டு இவருக்கா என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

ட்ரெய்லர் வெல்டிங் காந்தலில் நடந்ததால் படகையும் அங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்த்தோம். நடுப்பலகைப் பெட்டியின் ஒட்டு மட்டும் பாக்கி. ஃபாக்டரிக்கே திரும்பக் கொண்டுபோய்ப் போடலாம் என்றார் அண்ணன். வெள்ளோட்டத்துக்கு டீச்சர் நாள் குறித்திருந்தார். பொருத்திப் பார்த்ததற்கு அடுத்த நாள் எஸ்டேட் ஆபீஸில் அக்காவின் ரிட்டயர்மென்ட் பேப்பரில் கையெழுத்துப் போட அண்ணன் லீவு. கிளம்பும்போது சொன்னார். "மேட்டு ஈரம் குடிச்சிருக்கு மொதலாளி. நான் வந்து போடுறேன். நீங்க தொட வேணாம்."

என் பட்டறையில் என்னிடமே தொட வேண்டாம் என்கிறார். அது போதும் எனக்கு. மறுநாள் மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியாத பனியில், இரண்டு பனி மூடி ஊற்றி நானே போட்டேன். என் மனைவி பின்னிய மெரூன் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. ஒட்டும்போதே மேட் பால் மாதிரி வெளுத்தது. ஈரம் இருந்தால் அப்படித்தான் வெளுக்கும். எனக்குத் தெரியும். இருபது வருடத் தொழில், தெரியாமல் இருக்குமா.

அண்ணன் வந்ததும் ஒட்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அதன் மேல் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். ஒட்டாத இடத்தில் செத்த சத்தம் வரும். பாதி நீளத்துக்கு மேல் செத்த சத்தம்தான் வந்தது.

"பேத்து எடுத்துருவோம் மொதலாளி. ஃபாக்டரிக்குக் கொண்டுபோனா ரெண்டு நாளு. டீச்சர்கிட்ட நானே சொல்றேன்."

"ரெண்டு நாளும் வேண்டாம், மூணு நாளும் வேண்டாம்ணா. தொட்டியில எத்தனை போட்டிருக்கோம், நிக்கலயா?"

"தொட்டிய யாரு மொதலாளி ஓட்டிக்கிட்டுப் போறா?"

நான் ஜெல் கோட் என்கிற வெள்ளை மேற்பூச்சை எடுத்து ஒட்டின் மேல் பூசினேன். வெளுப்பு மறைந்தது. அண்ணன் வேறு வேலையில் இறங்கினார். முன்னும் பின்னும் இருந்த காற்றுப் பெட்டிகளின் விளிம்பை மறுபடி தேய்த்து, பட்டறையில் இருந்த பல்பையெல்லாம் பக்கத்தில் இழுத்துக் காயவைத்து, இன்னொரு சுற்று மேட் போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் ஏன் செய்தார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளோட்ட நாளில் ஜீப்பை நான்தான் ஓட்டினேன். ஒவ்வொரு ஊசி வளைவிலும் ட்ரெய்லர் பின்னால் முனகியது. பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தினோம். படகைக் கட்டிய கயிற்றைப் பார்க்கிற மாதிரி நான் கீழே குனிந்து உள்ளே பார்த்தேன். வெள்ளைப் பூச்சில் ஒட்டின் ஓரமாக மயிரளவு ஒரு கோடு ஓடியிருந்தது. பெட்டிக்குள் தூக்கி வைத்த பலகை வழியெல்லாம் ஆடி ஆடி அதைத் திறந்திருக்கிறது. விரலை ஈரப்படுத்தித் தேய்த்துப் பார்த்தேன், அழுக்காக இருக்குமோ என்று. அழுக்கு இல்லை. எழுந்து வந்து டீயைக் குடித்தேன். அங்கேயே திரும்பியிருக்கலாம். வண்டியைக் கீழே விட்டேன்.

ஏரியில் டீச்சர் தனியாகத்தான் ஏறினார். மிதவை ஜாக்கெட் போட்டிருந்தார். பாய் காற்றைப் பிடித்ததும் படகு போன வேகத்தைப் பார்த்து எனக்கே மூச்சு நின்றது. நான் செய்ததிலேயே அழகான பொருள் அதுதான். அந்த நிமிடம் அந்தக் கோட்டை மறந்தே போனேன். நடு ஏரியில் அவர் படகைத் திருப்பினார். ஒரு காற்று வந்தது. படகு சாய்ந்தது, நிமிர்ந்தது, பிறகு அப்படியே உட்கார்ந்தது. டீச்சர் கையால் தண்ணீரை வாரி இறைப்பது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இறைப்பதை விட்டுவிட்டார். விளிம்புவரை தண்ணீர். ஆனால் அதற்கு மேல் இறங்கவில்லை. அண்ணனின் இரண்டு பெட்டிகளும் படகைத் தூக்கி வைத்திருந்தன. அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

பரிசல்காரர் ஒருவர் போய்ப் படகைக் கட்டி இழுத்துவந்தார். டீச்சர் நனைந்துபோய், உதடு நடுங்க, படகைச் சாய்க்கச் சொல்லி ஒட்டைப் பார்த்தார். பெட்டி ஒரு பக்கம் பிய்ந்து ஆடியது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"இந்த ஒட்டு யாரு போட்டது?"

"அண்ணன்தானுங்க டீச்சர்," என்றேன்.

அதோடு நிறுத்தவில்லை. "வயசாச்சுங்க. கண்ணு முன்ன மாதிரி இல்ல," என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு படகைப் பார்த்தார். "தப்பு நடந்துருச்சுங்க டீச்சர்," என்றார். நான் செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. வெளியாள் முன்னால் முதலாளியைப் பொய்யன் ஆக்கக் கூடாது என்று தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக அடித்து அடித்துப் பழக்கியிருக்கிறார்கள். அப்படிப் பழக்கிய தோட்டத் துரைமார் செய்ததைப் பற்றி டீக்கடையில் வாய் கிழியப் பேசியிருக்கிறேன் நான். அன்று அவர்கள் பழக்கிவிட்டதன் பலனை அனுபவித்தவனும் நான்தான்.

திரும்பி மலை ஏறும்போது அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். குன்னூர் நெருங்கிவிட்டது. "டீச்சருக்கு ஏதாவது ஆகியிருந்தா அப்பவும் எம் பேரச் சொல்லியிருப்பீங்களா மொதலாளி?" நான் கியரை மாற்றினேன். ஆம் என்றுதான் நினைக்கிறேன். அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் அண்ணன் கிரைண்டர் வைத்து ஒட்டை வெட்டி எடுத்தார். பெரிய துண்டாகப் பேர்ந்து வந்தது, கையாலேயே உரித்துவிட்டார். அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். இறுகிய ரெசினுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு மெரூன் நூல் சுருண்டு கிடந்தது. என் ஸ்வெட்டர் நூல். கை ஓரம் பிரிந்திருந்ததை நானே கவனிக்கவில்லை. அண்ணன் அந்தத் துண்டைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்துவிட்டுக் கிரைண்டருக்குத் திரும்பிப் போனார். அந்த வாரம் டீச்சர் வந்தார். துண்டு மேஜை இழுப்பறையில் இருந்தது. கொட்டகைக்கு வேறு ஆள் போட்டுவிட்டோம், மீதிப் படகுகளை யோசித்துச் சொல்கிறேன் என்றார். இழுப்பறையில் சாய்ந்து நின்றுகொண்டு சரிங்க டீச்சர் என்றேன்.

அக்கா ரிட்டயர் ஆனார். லயத்து வீட்டைக் காலி செய்தார்கள். காந்தலில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அறை கிடைத்தது. சுவரில் பூசணம், மழை வந்தால் மூலையில் வாளி. அந்த வாளி நான் பட்டறையில் செய்து கொடுத்தது. கொடுத்தபோது அக்கா எனக்கு நன்றி சொன்னார்.

அண்ணன் அக்காவிடம் உண்மையைச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிய மாதங்கள் ஆயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏதோ வேலை விஷயமாக அங்கே போனேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார் அக்கா. அவருக்குக் கேலி ஜாஸ்தி. தண்ணீர்க் குடத்தின் அடியில் கசிவு. அண்ணன் அதை அடைக்க எம்சீல் பிசைந்துகொண்டிருந்தார்.

"அத வச்சுட்டு எந்திரிங்க. நீங்க ஒட்டுன ஒட்டுலதானே ஏரிக்கரை ஊடு ஏரியோட போச்சு. மிச்சம் இருக்கது ஒரு குடம்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏந்தம்பி, இவரு கைய நம்பி எப்பிடித்தான் பட்டறை நடத்துறீங்களோ."

அண்ணனும் சிரித்தார். பழகிய சிரிப்பு. எத்தனை மாதமாக எத்தனை முறை இதைக் கேட்டிருக்கிறார் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. ஏரிக்கரையில் வராத வெட்கம் எனக்கு அங்கே வந்தது. டீ டம்ளர் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

"அந்த ஒட்டு நான் போட்டதுங்க அக்கா," என்றேன். "அண்ணன் அன்னைக்கு உங்க கூட எஸ்டேட் ஆபீஸ்ல இருந்தாரு. வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நான் போட்டுட்டு அவரு மேல சொல்லிட்டேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எம்சீலைக் குடத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். "ஏன் சொல்லல?" என்று அவரிடம் கேட்டார். "சொன்னா நீ போயி சண்ட போடுவ. பட்டறையும் போயிரும்," என்றார் அண்ணன்.

எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். அக்கா அதைத் தரவில்லை.

"நாளைக்கு டீச்சர்கிட்ட வந்து இத இப்பிடியே சொல்லுங்க. நானும் வருவேன். நீங்க சொல்றத நான் காதால கேக்கணும்," என்றார்.

போனோம், மூன்று பேரும் பஸ்ஸில். டீச்சர் மேஜை மேல் நான் அந்தத் துண்டை வைத்தேன். அக்காவிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். வயசாச்சு, கண்ணு தெரியல என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா அதை அப்போதுதான் கேட்டார். தலை குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் துண்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். என் ஸ்வெட்டரைப் பார்த்தார். அன்றும் அதைத்தான் போட்டிருந்தேன்.

கொட்டகை வீட்டில் இப்போது ஒருவர் மனைவி குழந்தைகளோடு இருக்கிறார், அவரை வெளியே போ என்று நான் சொல்ல மாட்டேன் என்றார் டீச்சர். சொல்ல வேணாங்க என்றார் அக்கா உடனே. பிறகு டீச்சர் அண்ணனைப் பார்த்து, மீதி ஐந்து படகையும் நீங்கள் செய்யுங்கள், ஆர்டர் உங்கள் பேரில்தான் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"செய்யட்டுமா மொதலாளி?"

என்னிடம் அனுமதி கேட்டார். அவ்வளவும் நடந்த பிறகு, அந்த அறையில், என்னிடம். தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

இப்போது ஃபாக்டரியின் வாட்டும் மாடியில் மூன்றாவது படகு அச்சில் இருக்கிறது. மேலே அண்ணன் மேட் விரிக்கிறார். கீழே அடுப்புக்கு விறகு போடுவது நான். மேலே போக வேண்டியிருந்தால் ஸ்வெட்டரை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போகிறேன். ஒட்டுப் போடுகிற அன்று மட்டும் மேலே வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நான் போவதில்லை.

அக்கா என் வீட்டு வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போகிறார். முன்பெல்லாம் சாப்பிட்டீங்களா தம்பி என்று கேட்பார். இப்போது கேட்பதில்லை. அந்த அறையில் மழைக்கு வாளி இன்னும் மூலையில்தான் இருக்கிறது.